கையை விட்டுப் போகும் நேரம்

நாயனத்துக்குப் பெட்டி வாங்கலாமா, பையே போதுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் விலையைப் பற்றி முதலில் பேசுவதில்லை. "உங்க கையை விட்டு அது எங்கெல்லாம் போகுமுங்க?" என்று கேட்பேன். போகவே போகாது என்பார்கள். கொஞ்ச நேரம் யோசித்தபின் ஒவ்வொன்றாக வரும். ஆம்னி பஸ்ஸில் டிக்கியில் போடுவோம், காரில் தவிலோடு சேர்த்து வைப்போம், மண்டபத்தில் யாராவது பார்த்துக்கொள்கிறேன் என்றால் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவோம். எந்தப் பெட்டி வேண்டும் என்பதற்கு விடை அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

குன்னத்தூரில் நாயனம் வாசிக்கிற குடும்பம் எங்களுடையது. முகூர்த்தம் இல்லாத ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போவேன். கடல் தாண்டிப் போகிற துணியை எப்படி மடித்து, எப்படி அடைத்து, ஈரம் படாமல் எப்படி அனுப்புவது என்பது அங்கே தினசரிப் பேச்சு. பெட்டி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி அப்பா மடியிலிருந்து வந்தது, மீதி அந்த செக்‌ஷனிலிருந்து வந்தது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாசிப்பது பாரி நாயனம். இரண்டரை அடி நீளம். அதற்கு முன் இருந்த திமிரி நாயனம் குட்டையானது, சுருதி தூக்கலாக இருக்கும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி கைவண்ணத்தில், நீளமும் கனமும் கூடிய பாரி நிலைபெற்றது. உலவு என்கிற குழல் பகுதி ஆச்சா மரம். இந்தியாவில் விளைகிற மரங்களில் மிகக் கனமானவற்றில் ஒன்று அது. புது மரத்தில் செய்ய மாட்டார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்தரத்தையும் தூணையும் வாங்கி வைத்துக் கடைவார்கள். ஆடி அடங்கிய மரம்தான் சுருதியில் நிற்கும். உலவின் கீழ் முனையில் பூ விரிந்த மாதிரி அணசு. மேல் முனையில் கெண்டை, கெண்டையின் மேல், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி. அணசைக் கழற்றலாம், கெண்டையைக் கழற்றலாம், உலவை ஒன்றும் செய்ய முடியாது. அது ஒரே துண்டு மரம்.

மேல்நாட்டில் பாசூன் என்று ஒரு வாத்தியம் உண்டு. நிறுத்தி வைத்தால் நாலு அடிக்கு மேல் உயரம், உள்ளே மடங்கி ஓடுகிற குழலை நீட்டினால் இரண்டரை மீட்டர் வரும். ஆனாலும் அதை நாலைந்து துண்டுகளாகக் கழற்றிச் சின்னப் பெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. கடையில் கிடைக்கிற ஆயத்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை வேறு ஏதோ வாத்தியத்துக்கு அளவெடுத்தவை. நாயனத்தை உள்ளே வைத்துச் சுற்றிலும் துணி திணித்து, "கச்சிதமா இருக்குது பாருங்க" என்பார்கள். திணித்த துணி நகரும். அணசு ஒரு பக்கம் கனத்து இறங்கும். பெட்டியை நிமிர்த்தினால் மொத்தக் கனமும் அணசின் விளிம்பில் உட்காரும்.

அப்பாவிடம் பெட்டியே கிடையாது. சிவப்பு வெல்வெட்டில் நீளமாகத் தைத்த உறை, வாயில் சுருக்குக் கயிறு. கோபிக்கோ பெருந்துறைக்கோ டவுன் பஸ்ஸில் போனால் நாயனம் மடியில் கிடக்கும், அணசு ஜன்னல் பக்கம், வலது கை உலவின் நடுவில். கூட்டம் நெருக்கினாலும் மேலே கம்பித் தட்டில் வைக்க மாட்டார், சீட்டுக்கு அடியில் வைக்கவே மாட்டார். காலடியில் வைக்கிற பொருளா அது என்பது ஒன்று. தன் கைக்குத் தெரியாத இடத்தில் அது இருக்கக்கூடாது என்பது இன்னொன்று. பஸ் குலுங்கினால் கை தாங்கும், வெயில் சாய்ந்தால் கை துண்டைப் போட்டு மூடும். அந்த உறை துணிதான். ஆனால் அது கையை விட்டுப் போனதே இல்லை. அப்படி வாழ்கிறவருக்கு இன்றைக்கும் நான் உறையைத்தான் சொல்வேன்.

இந்த இடத்தில் நான் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. வயசுக் காலத்தில் எனக்கு அந்த உறை கூச்சமாக இருந்தது. நாயன உறையின் வடிவத்தைப் பார்த்தாலே எந்த வீட்டுப் பையன், என்ன தொழில் என்று பஸ்ஸில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் கேள்வி. கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்துக்கு எங்கள் வாசிப்பு இல்லாமல் ஆகாது, ஆனால் பந்தியில் எங்களை எங்கே உட்கார வைப்பது என்று தயங்குகிற வீடுகளையும் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் கோயமுத்தூரில் கறுப்பாக, நீளமாக, கிடார் பெட்டி போல ஒன்றைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். வெளிநாட்டுப் பெட்டி, கெட்டியான பிளாஸ்டிக், உள்ளே தடித்த ஸ்பாஞ்ச், ஓரத்தில் ரப்பர் பட்டை. தண்ணீரில் போட்டாலும் உள்ளே ஒரு சொட்டுப் போகாது என்றார் கடைக்காரர். வாத்தியத்துக்குப் பாதுகாப்பு என்று வீட்டில் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் பஸ்ஸில் பார்க்கிறவர்கள் கிடார் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது.

அந்தப் பெட்டி அடி தாங்கும். அதில் குறையே சொல்ல முடியாது. சென்னைக் கச்சேரிக்கு ஆம்னி பஸ்ஸில் போகும்போது டிக்கியில் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பயணிகள் பெட்டி பாதிதான், மீதி பனியன் பண்டல். ஏற்றுகிறவர் முட்டியால் இடித்து இடம் செய்துதான் அடுத்ததை உள்ளே தள்ளுவார். விடிகாலையில் கோயம்பேட்டில் எங்கள் பெட்டியை மூன்று பண்டலுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்திருக்கிறேன். நாயனத்துக்கு ஒரு கீறல் இல்லை. துணி உறையில் போயிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

கெடுத்தது வேறு. வைகாசியில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்துக் கல்யாணம். விடிய விடிய மழைச் சாரல், காற்றெல்லாம் ஈரம். முகூர்த்தம் முடிந்து, நலங்கு முடிந்து, அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. வாசித்து முடித்த உலவுக்குள் மூச்சின் ஈரம் அப்படியே இருக்கும். அதோடு பெட்டிக்குள் போனது, கொக்கிகளைப் பூட்டினேன். வாளையார் தாண்டியதும் காற்று மாறும். மலைக்கு அந்தப் பக்கத்து ஈரம் இந்தப் பக்கம் கிடையாது. கோயமுத்தூருக்கு வெளியே சாப்பிட நிறுத்தினோம். கார் புங்க மரத்து நிழலில்தான் நின்றது. இடையில் ஒரு லாரிக்கு வழி விட டிரைவர் காரை எடுத்து வெயிலில் போட வேண்டியதாயிற்று. வெளியே 38 டிகிரி என்றால், கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 55 டிகிரிக்கும் மேலே போகும். கறுப்புப் பெட்டி அதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் வீட்டில் எடுத்து வாசித்தேன். மேலே தார ஸ்தாயியில் ஒன்றும் தெரியவில்லை. கீழே இறங்க இறங்க நாதம் நிற்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, "கண்ணு, கீழ எறங்கறப்ப மூச்சு வாங்குது பாரு" என்றார். சீவாளியை மாற்றிப் பார்த்தோம். கெண்டையில் நூலைச் சுற்றிப் பார்த்தோம். கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, மேலிருந்து மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் தடவினால்தான் உணர முடியும். அது அப்பாவுடைய நாயனம்.

நரசிங்கம்பேட்டைக்கு இருவரும் போனோம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் ஆடுதுறையைத் தாண்டினால் அந்த ஊர். அங்கே செய்யப்படும் நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு வயதான ஆசாரி உலவை வாங்கி, அடியில் உள்ள, விரல் வைக்காத பிரம்மசுரத் துளைகளை மெழுகால் அடைத்தார். ஏழு விரல் துளைகளையும் அப்பாவை மூடிக்கொள்ளச் சொன்னார். கீழ் வாயைத் தன் உள்ளங்கையில் அழுத்தி, மேல் வாயில் உதட்டை வைத்து உறிஞ்சினார். நல்ல உலவாக இருந்தால் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிபட்ட தழும்பே இல்லியே தம்பி. ஈரத்தோட மூடி வச்சீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா, "வெயில்ல மாட்டிக்கிச்சுங்க" என்றார்.

மரம் நீளவாட்டில் அவ்வளவாக அசையாது, குறுக்குவாட்டில்தான் ஊதுவதும் சுருங்குவதும் என்று அவர் சொன்னார். உள்பக்கம் ஈரத்தில் ஊதி நிற்கும்போது வெளிப்பக்கம் காய்ந்து இழுத்தால், எங்காவது ஓரிடத்தில் பிளக்கத்தான் செய்யும். நூறு வருஷத்து உத்தரமாக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. மரத்தூளும் பசையும் இட்டு அடைத்துக் கொடுத்தார். அப்பா கடைசி வரை அதைத்தான் வாசித்தார்.

திரும்பி வந்து மார்கழியில் கம்பெனிக்குப் போனபோது, அங்கே செய்வதையெல்லாம் வேறு கண்ணால் பார்த்தேன். தூத்துக்குடியில் கப்பலேறுகிற சரக்குக்கு என்னென்னவோ சுற்றி அனுப்புவோம். ஆனால் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது, அட்டைப் பெட்டிக்குள் போகிற துணி காய்ந்திருக்கிறதா என்பதைத்தான். ஈரத்தோடு உள்ளே போன துணியை எத்தனை பாலித்தீன் சுற்றினாலும் காப்பாற்ற முடியாது. பகல் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும், இரவுக் குளிரில் கன்டெய்னர் கூரையில் முத்து முத்தாகக் கோத்துக் கீழே சொட்டும். போய்ச் சேரும்போது பூஞ்சை. வெளி ஈரத்தைத் தடுக்கிற அதே சுவர்தான் உள் ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. என் பெட்டியின் ரப்பர் பட்டை செய்ததும் அதுதான்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமே என்பார்கள். நாங்களும் ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் போடுகிறோம். ஆனால் துணி காய்ந்தால் ஒன்றும் ஆகாது, மரம் அளவுக்கு மேல் காய்ந்தால் ஆகும். மேல்நாட்டில் மரக்குழல் வாத்தியங்களுக்குக் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். பங்குனி, சித்திரையில் நம் ஊர்க் காற்றே காய்ந்து கிடக்கும். அப்போது பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டால் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் இழுத்துவிடும். கேரளப் பக்கமோ ஐப்பசி மழையில் காவிரிப் பக்கமோ போகும்போது ஒரு பொட்டலம், ஊர் திரும்பியதும் எடுத்துவிடுவது என்று நான் வைத்திருக்கிறேன்.

பிறகு என் பெட்டியை உள்ளூர்த் தச்சரிடம் செய்துகொண்டேன். மெல்லிய பிளைவுட், மூலைகளில் தகடு, இரண்டு கொக்கி. மூடி இறுக்கமாகப் பொருந்தும், ஆனால் ரப்பர் பட்டை கிடையாது. இரு முனைப் பலகையிலும் சின்னத் துளைகள், உட்பக்கம் துணி ஒட்டியிருக்கும். தூசி வராது, காற்று மெல்லப் போய்வரும். உள்ளே நாயனம் படுப்பது இரண்டு தொட்டில்களில். இரண்டுமே உலவைத்தான் தாங்கும். அணசு தனியாகக் கழன்று தன் குழிக்குள் இருக்கும். மேலே இன்னொரு சின்ன அறை, சீவாளிக்கும் கெண்டைக்கும். தச்சர் முதலில் நாயனத்தின் உருவத்துக்கே ஸ்பாஞ்சை வெட்டி நாலு பக்கமும் கவ்வுகிற மாதிரி செய்தார். பார்க்க அழகாக இருந்தது. வேண்டாம் என்று மாற்றச் சொன்னேன். கவ்விக்கொண்டால் மரத்தைச் சுற்றிக் காற்றே இருக்காது.

ஸ்பாஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி சீட் தைக்கிற கடையில் கிடைப்பது முதலில் மெத்தென்று இருக்கும், சில கோடைக்குப் பிறகு பிசுபிசுத்துப் பொடியாக உதிரும். அந்தப் பொடி எண்ணெய் தடவிய மரத்தில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. அதனால் கெட்டியான ஈவிஏ ஷீட்டை அடியில் கொடுத்து, மேலே ஃப்ளீஸ் துணி விரித்தேன். ஒருபக்கம் பஞ்சு எழுப்பிய பனியன் துணி அது. குளிர்நாட்டுக்குப் போகிற ஸ்வெட்டர்களுக்காகத் திருப்பூரில் தாராளமாக ஓடுகிறது, கட்டிங்கில் மிஞ்சிய துண்டே ஒரு பெட்டிக்குப் போதும். வெல்வெட்டைவிட நல்லது. அப்பாவின் சிவப்பு உறையில் நல்லெண்ணெய் பட்டுச் சாயம் கசிந்து, உலவின் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு கறை கடைசி வரை இருந்தது. சாயப்பட்டறைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பார், ஒட்டினால் வாங்காதே என்று. நான் எண்ணெய் தொட்டும் ஒரு முறை தேய்த்துப் பார்க்கிறேன். வெளுத்த துணி என்றால் அந்தக் கவலையும் இல்லை.

வெளியே வெள்ளைக் காடாத் துணியில் தைத்த மேலுறை. கறுப்பை விட்டேன். எல்லாம் வைத்து மூடியதும், காதருகே பிடித்து லேசாகக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே ஒரு சத்தமும் வரக்கூடாது. அதோடு, பெட்டியில் வைப்பதற்கு முன் உலவுக்குள் மெல்லிய பனியன் துணியை நூலில் கட்டி இழுத்து, கொஞ்ச நேரம் நிழலில் கிடத்துவேன். பஸ் காத்திருந்தாலும் இதை விடுவதில்லை.

எல்லோருக்கும் இந்தப் பெட்டி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பெண் நாயனம் கற்கிறாள். பயிற்சிக்கு டவுன் பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறாள். "ஐயா, பெட்டி செய்ய இப்பக் காசு இல்லீங்க, பையில போட்டா காலேஜ் பசங்க இடிச்சுப் போடறாங்க" என்றாள். அவர்கள் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். போர்வெல்லுக்கு வாங்கி மிஞ்சிய அகலமான பிவிசி பைப் துண்டு கிடந்தது. அணசைக் கழற்றியபின் உலவு அதற்குள் தாராளமாகப் போனது. ஃப்ளீஸில் ஒரு நீள உறை தைத்து, பைப்பின் ஒரு வாயை நிலையாக அடைத்து, இன்னொரு வாய்க்குத் திருகு மூடி. மூடியில் துளைகள் போட்டுக் கொடுத்தேன். அணசு மட்டும் தோள்பையில், துண்டில் சுற்றி. மேலே யார் உட்கார்ந்தாலும் அந்தப் பைப் தாங்கும். வெயிலில் விடாதே, பிவிசி சூட்டில் இளகும் என்று மட்டும் சொன்னேன். "அது தோள்ல இருந்து எறங்கறதே இல்லீங்க ஐயா" என்றாள். அப்படியானால் அவளுக்கு அது போதும்.

விமானப் பயணம் தனிக் கணக்கு. சிங்கப்பூர், மலேசியா, யாழ்ப்பாணம் என்று கோயில் விழாக்களுக்கு நம் பக்கத்திலிருந்து போகிறார்கள். நம் நாட்டு விமானங்களில் கையில் கொண்டுபோக 7 கிலோ, 55க்கு 35க்கு 25 சென்டிமீட்டர் என்பதுதான் பொதுவான அளவு. இரண்டரை அடி நாயனம் 75 சென்டிமீட்டருக்கு மேல், நேராக வைத்தால் போகாது. 55க்கு 35 பெட்டியின் மூலைவிட்டம் 65 சென்டிமீட்டர். அணசும் கெண்டையும் கழன்ற உலவு அதற்குள் அடங்குமா என்பதை டேப் பிடித்து வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு நாயனமும் ஒரு அளவு. அடங்காவிட்டால் டிக்கெட் போடும்போதே வாத்தியம் இருக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது. சீவாளியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் சரக்கில் போடாதீர்கள். காவிரிக் கரைக் கொறுக்கைத் தட்டையில், பக்குவம் பார்த்துச் செய்த சீவாளிக்கு வெளிநாட்டில் மாற்றுக் கிடைக்காது. பழைய வீடுகளில் சீவாளியைச் சரிசெய்ய யானைத் தந்த ஊசி இருக்கும். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தந்தம் எல்லை தாண்டுவது சட்டப்படி குற்றம்.

இப்போது கல்யாணம் பேச வருகிறவர்களிடம் அட்வான்ஸ், வண்டி, சாப்பாடு பேசி முடித்தபின் இன்னொன்றும் கேட்கிறேன். மணமேடைக்குப் பக்கத்து அறையில், ஃபேனுக்கு அடியில், நாயனத்துக்கும் தவிலுக்கும் ஒரு மேசை. முகூர்த்தம் முடிந்ததும் நாயனம் திறந்த வாக்கில் அங்கே ஆற வேண்டும், நாங்கள் சாப்பிட்டு வரும்வரை வேறு எதுவும் அதன் மேல் வைக்கக் கூடாது. முதலில் கேட்கும்போது எனக்கே நாக்குத் தயங்கியது. பந்தியில் இடம் கேட்டுப் பழகாத வீட்டிலிருந்து வந்தவன், வாத்தியத்துக்கு மேசை கேட்பதா என்று இருந்தது. சிலர், "அதுக்கென்னுங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். போன தையில் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு வீட்டில், மாப்பிள்ளையின் பெரியப்பா மேசை மேல் புது வேட்டியை விரித்து, சின்னப் பசங்களை உள்ளே விடாமல் வாசலில் நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, "தம்பி, சீவாளியும் காயணுமுங்களா, அதையும் எடுத்து வெளிய வெக்கட்டுமா?" என்று கேட்டார். அதைக் கெண்டையோடு அப்படியே விடலாம் என்று சொல்லி, சீவாளியை அதன் அறையில் எப்படி வைப்பது என்று அவருக்குக் காட்டினேன்.